மாவிலையும் மல்லிகையும் உங்கள் தூரிகையாகலாம்

பள்ளித் தமிழ் மன்றத்தின் பொங்கல் சுவரொட்டி, பலதுறைத் தொழிற்கல்லூரியின் இந்தியக் கலாசார மன்றம் நடத்தும் தீபாவளி விருந்துக்கான அழைப்பிதழ், வகுப்புக்கென அச்சிடும் டி-சட்டை. இவற்றை வடிவமைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் மாணவர்களே. வேலையில் இறங்கியதும் பலரும் முதலில் செய்வது, இணையத்தில் இலவசத் தூரிகைகளைத் தேடுவதுதான்.

இலை என்று தேடினால் மேப்பிள் இலை கிடைக்கும். ஓக் இலை கிடைக்கும். பூ என்று தேடினால் ரோஜாவும் செர்ரிப் பூவும் வந்து நிற்கும். வாசலில் கட்டும் மாவிலைத் தோரணமும், தேக்காவில் முழம்போட்டு விற்கும் மல்லிகைச் சரமும், வீட்டு வாசலில் பாட்டி இழுக்கும் மாவுக்கோடும் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. அதனால்தான் நம் விழாக்களுக்கான சுவரொட்டிகள் பல, வேறு ஏதோ ஊரின் இலையுதிர்காலத்தை நினைவூட்டுகின்றன.

வேண்டிய தூரிகையை நாமே செய்துகொள்வது இதற்கு எளிய வழி. ஒரு கைப்பேசி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு கணினி, ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆகியவை போதும். பணம் செலவழிக்கத் தேவையில்லை.

தூரிகை என்பது ஒரு முத்திரை

படத்தொகுப்பு மென்பொருளில் நாம் இழுக்கும் கோடு உண்மையில் கோடே அன்று. அலுவலகத்தில் பயன்படுத்தும் ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தாளில் நெருக்கி நெருக்கிக் குத்திக்கொண்டே போனால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தொடர்ச்சியான கோடாகத் தெரியும். கணினித் தூரிகையும் அதைத்தான் செய்கிறது. ஒரு சிறிய படத்தை எடுத்து, சுட்டி நகரும் பாதை நெடுகிலும் சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் பதிக்கிறது. வழக்கமான வட்டத் தூரிகையில் இந்தப் பதிவுகள் மிக நெருக்கமாக இருப்பதால் அவை நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது. எந்தப் படத்தையும் முத்திரையாக்கலாம். நாம் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: எந்தப் படம், எவ்வளவு இடைவெளி, ஒவ்வொரு பதிவும் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

எந்த மென்பொருள்?

அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், 1987ல் எழுதத் தொடங்கிய ஒரு நிரலே பின்னர் தம்பி ஜானின் துணையோடு ஃபோட்டோஷாப்பாக வளர்ந்தது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளும் மாணவர்களின் படைப்புதான். ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1995ல் அதைத் தொடங்கினர். இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அது இயங்குகிறது. ஓவியம் வரைவோருக்கென்றே உருவான கிரிட்டாவும் இலவசம்தான். ஐபேட் வைத்திருப்பவர்கள் பலரும் பயன்படுத்தும் புரோகிரியேட், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் உருவானது.

இக்கட்டுரையில் ஜிம்ப்பை எடுத்துக்கொள்வோம். அது யார் கணினியிலும் கட்டணமின்றி இயங்கும் என்பதே காரணம். அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேறுபடும் இடங்களை ஆங்காங்கே பார்ப்போம்.

முதல் தூரிகை: மாவிலை

வடிவம் தெளிவாக உள்ள, அதிகம் கிழியாத ஒரு மாவிலையைப் பறித்துக்கொள்ளுங்கள். ஓரிரவு தடித்த புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் இலை தட்டையாகும். படம் எடுக்கும்போது ஓரத்தில் நிழல் விழாது. வெள்ளைத் தாளின்மேல் இலையை வைத்து, சன்னலோர வெளிச்சத்தில் கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மாவிலையின் மேற்பக்கம் பளபளப்பானது. ஒளி நேராகப் பட்டால் அந்த இடம் வெளுத்துப்போகும். தூரிகையில் அது ஓட்டையாகத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. இலையின் பின்பக்கத்தில் நரம்புகள் புடைத்திருக்கும். அதில் கறுப்பு போஸ்டர் வண்ணத்தை மெல்லியதாகத் தடவி, தாளில் அழுத்தி எடுங்கள். கிடைக்கும் அச்சை உலரவைத்துப் படம் எடுத்தால், நரம்புகளோடு கூடிய அழகான தூரிகை கிடைக்கும்.

படத்தைக் கணினிக்கு மாற்றியபின் செய்ய வேண்டியவை இவை.

ஒன்று, இலையை ஒட்டியபடி படத்தை வெட்டுங்கள். இலை நேராக நிற்கட்டும். காம்பு மேலே, நுனி கீழே. தோரணத்தில் அது அப்படித்தான் தொங்கும்.

இரண்டு, 'இமேஜ்' பட்டியலில் 'மோட்' என்பதைத் திறந்து 'கிரேஸ்கேல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். அதே 'இமேஜ்' பட்டியலில் 'ஃபிளாட்டன் இமேஜ்' என்பதையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

மூன்று, 'கலர்ஸ்' பட்டியலில் 'லெவல்ஸ்' என்பதைத் திறங்கள். அங்கே ஒரு வரைபடமும் அதன் கீழே சிறு முக்கோணங்களும் இருக்கும். வலக்கோடியில் உள்ள வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கமாக இழுத்தால் தாள் வெளுக்கும். இடக்கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கமாக இழுத்தால் இலை கறுக்கும். தாள் முற்றிலும் வெள்ளையாகும்வரை சரிசெய்யுங்கள்.

நான்கு, படத்தின் அளவைக் குறையுங்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏ3 தாளில் 300 டிபிஐ தரத்தில் அச்சிடும் சுவரொட்டிக்கு 3508க்கு 4961 பிக்சல்கள் தேவை. அதில் 500 பிக்சல் நீளமுள்ள இலை, அச்சில் ஏறத்தாழ 4.2 சென்டிமீட்டர் இருக்கும். தோரணத்துக்கு அது போதும். பெரிய தூரிகையைச் சிறிதாக்கினால் கெடாது. சிறியதைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். எனவே தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' சென்று, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஜிபிஆர் என்ற பின்னொட்டைக் கொடுத்துச் சேமியுங்கள். அப்போது தூரிகையின் பெயரையும் இடைவெளியையும் மென்பொருள் கேட்கும். இடைவெளிக்கு 110 என்று கொடுங்கள். கோப்பை ஜிம்ப்பின் 'பிரஷஸ்' கோப்புறையில் வைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதை 'எடிட்' பட்டியலில் 'பிரெஃபரன்சஸ்', அதனுள் 'ஃபோல்டர்ஸ்' என்ற பகுதி காட்டும். பிறகு தூரிகைகளின் பட்டியலைப் புதுப்பித்தால் உங்கள் மாவிலை அங்கே வந்திருக்கும்.

இப்போது பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். சுவரொட்டியின் இடக்கோடியில் ஒருமுறை சொடுக்கிவிட்டு, 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியபடி வலக்கோடியில் சொடுக்குங்கள். தோரணம் கட்டியாயிற்று.

ஃபோட்டோஷாப்பில் கடைசிப் படி இன்னும் சுருக்கம். 'எடிட்' பட்டியலில் 'டிஃபைன் பிரஷ் பிரீசெட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்தால் முடிந்தது. புரோகிரியேட்டில் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். ஜிம்ப்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் கறுப்புப் பகுதிதான் வண்ணம் பூசும். வெள்ளை ஒன்றும் செய்யாது. புரோகிரியேட்டில் இது தலைகீழ். அங்கே வெள்ளைதான் பூசும். எனவே படத்தின் நிறத்தை மாற்றிப்போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

அந்தச் சாம்பல் பெட்டி

முதன்முறை தூரிகை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் நேரும் சிக்கல் ஒன்று உண்டு. இலையைச் சுற்றி மங்கலான ஒரு சதுரமும் சேர்ந்து பதியும். மென்பொருளில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். காரணம் தாளில்தான் இருக்கிறது.

கணினியில் முழு வெள்ளையின் மதிப்பு 255. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள், படத்தில் 240 ஆக இருக்கலாம். குறைவது 15தான். ஆனால் அந்த 15, ஏறக்குறைய 6 விழுக்காடு கறுப்புக்குச் சமம். இடைவெளி 25 விழுக்காடாக இருந்தால், ஒவ்வோர் இடத்தின் மேலும் ஏறத்தாழ நான்கு பதிவுகள் விழும். நான்கு முறை விழுந்தபின் அந்த 6 விழுக்காடு 20 விழுக்காட்டையும் தாண்டிவிடும். மங்கலாக இருந்த பெட்டி, இப்போது அழுக்குப் பட்டையாகத் தெரியும். மூன்றாவது படியில் தாளை முழு வெள்ளையாக்கச் சொன்னது இதற்காகத்தான். ஐயமாக இருந்தால் கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் பத்து முறை சொடுக்கிப் பாருங்கள். பெட்டி இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இடைவெளியும் திசையும்

ஜிம்ப்பில் இடைவெளி என்பது தூரிகைப் படத்தின் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. 100 என்றால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். 200 என்றால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒன்றின் அகலம் அளவு வெற்றிடம் இருக்கும். கோலப் புள்ளி வைக்க 200 பொருத்தமானது. இலையின் இருபுறமும் வெற்றிடம் விட்டு வெட்டியிருந்தால், அந்த வெற்றிடமும் அகலத்தில் சேர்ந்துவிடும். தோரணம் எட்டி எட்டி நிற்கும். இலையை ஒட்டி வெட்டச் சொன்னதன் காரணம் இதுதான்.

அடுத்தது திசை. மாவிலை எப்போதும் கீழ்நோக்கித் தொங்கும். தோரணக் கயிறு வளைந்தாலும் இலை செங்குத்தாகவே இருக்கும். ஆகவே அதற்குத் திசை மாற்றம் தேவையில்லை. மல்லிகைச் சரம் அப்படியன்று. சரம் வளையும் பக்கமெல்லாம் மொட்டும் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பூக்கள் நூலில் கோத்ததுபோல் இருக்காது. ஜிம்ப்பில் 'டைனமிக்ஸ்' என்ற பகுதியில் 'டிராக் டைரக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கோடு போகும் திசைக்கேற்ப ஒவ்வொரு பதிவும் திரும்பும். ஃபோட்டோஷாப்பில் 'ஷேப் டைனமிக்ஸ்' பகுதியில் கோணத்தை 'டைரக்‌ஷன்' என்று மாற்ற வேண்டும். இடமிருந்து வலமாகக் கோடு இழுக்கும்போது மொட்டு எப்படித் தெரிய வேண்டுமோ, அப்படியே அதைப் படத்தில் நிறுத்திவைத்துத் தூரிகையாக்குங்கள்.

ஒரே மொட்டு நூறு முறை வந்தால் செயற்கையாகத் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. மூன்று வெவ்வேறு மொட்டுகளைப் படம் எடுத்து, ஒரே கோப்பில் மூன்று அடுக்குகளாக, ஒரே அளவில் வையுங்கள். பின்னணியை நீக்கிவிட்டு, மொட்டின் வெள்ளையையும் காம்பின் பச்சையையும் அப்படியே விட்டுவிடலாம். ஜிபிஆருக்குப் பதிலாக ஜிஐஎச் என்ற பின்னொட்டுடன் சேமித்து, 'ரேங்க்ஸ்' என்ற பெட்டியில் 3 என்றும் அதன் அருகில் 'ரேண்டம்' என்றும் கொடுங்கள். மூன்று மொட்டுகளும் மாறி மாறி, சொந்த நிறத்திலேயே பதியும். நிறத்தோடு கூடிய தூரிகை ஜிம்ப்புக்குரிய வசதி. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான தூரிகை, வடிவத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும், நிறத்தை விட்டுவிடும்.

அழுத்தத்தை உணரும் ஓவியப் பலகை இல்லையே என்று தயங்க வேண்டாம். கையின் அழுத்தத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமன் மாறுவதற்கு மட்டுமே அது தேவை. திசை, வேகம், தற்செயல் மாற்றம் ஆகிய மூன்றும் சாதாரணச் சுட்டியிலும் வேலை செய்யும்.

பாட்டியின் மாவுக்கோடு

மூன்றாவது தூரிகைதான் சற்றுக் கடினம். ஆனால் செய்துமுடித்தால் மிகவும் பயன்படுவதும் அதுவே. கறுப்பு அட்டை ஒன்றை விரித்து, வீட்டில் கோலம் போடத் தெரிந்தவரிடம் அரிசி மாவால் சில கோடுகள் இழுக்கச் சொல்லுங்கள். பாட்டியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், அடுத்த வீட்டு அத்தையாகவும் இருக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மாவு விழும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலரது கோட்டில் ஓரம் கூர்மையாக இருக்கும். சிலரது கோட்டில் இருபுறமும் துகள் சிதறியிருக்கும். அந்த வேறுபாட்டைத்தான் நாம் பிடிக்கப்போகிறோம்.

வெள்ளை மாவு, கறுப்பு அட்டை என்பதால் ஜிம்ப்பில் படத்தின் நிறத்தை 'இன்வர்ட்' செய்து மாற்றிக்கொள்ளுங்கள். புரோகிரியேட்டுக்கு இந்தப் படி தேவையில்லை. கோடு முழுவதையும் எடுக்காமல், அதில் சதுரமான ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டுங்கள். துண்டின் நான்கு பக்கங்களிலும் விளிம்பு நேராக வெட்டுப்பட்டதுபோல் இருந்தால், அழிப்பானால் அதை ஒழுங்கற்றதாக்குங்கள். இடைவெளியை 15 என்று வையுங்கள்.

இப்படியே கோடு இழுத்தால், மாவு தெரியாது. சீப்பால் வாரியதுபோல் இணைகோடுகள் தெரியும். ஒரே துகள், ஒரே உயரத்தில், நெருக்கமாக மீண்டும் மீண்டும் பதிவதால் அது கோடாகிவிடுகிறது. ஒவ்வொரு பதிவையும் வெவ்வேறு கோணத்தில் சுழற்றிவிட்டால் இது சரியாகும். புதிய டைனமிக்ஸ் ஒன்றை உருவாக்கி, 'ஆங்கிள்' என்ற வரிசையில் 'ரேண்டம்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். துகள்கள் கலைந்து, மாவு மாவாகவே தெரியும். ஏற்கெனவே உள்ள டைனமிக்ஸ்களை மாற்ற முடியாது என்பதால்தான் புதியது ஒன்று தேவைப்படுகிறது.

கோலம் போடும் பழக்கம் வீவக வீடுகளின் நடைபாதைகளிலும் மலேசியாவின் வரிசை வீடுகளிலும் குறைந்துகொண்டு வருகிறது. ஒட்டுப்படமாக வாங்கித் தரையில் ஒட்டிவிடுவது எளிதாகிவிட்டது. உங்கள் வீட்டில் கோலம் போடுபவர் ஒருவர் இருந்தால், அவரது கைக்கோட்டை இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரிகை வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

தூரிகை யாருக்குச் சொந்தம்?

இலவசம் என்று போட்டிருப்பதால் எதற்கும் பயன்படுத்தலாம் என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று உரிமத்தில் எழுதியிருந்தால், அதைக் கொண்டு வடிவமைத்த டி-சட்டையைப் பள்ளிக் கேளிக்கைச் சந்தையில் விற்பதுகூட உரிமத்தை மீறுவதாகலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலும் வகைகள் உள்ளன. சிலவற்றுக்குப் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சிசி0 என்ற வகைக்கு மட்டுமே எந்த நிபந்தனையும் இல்லை. பதிவிறக்கம் செய்யும்போதே உரிமத்தைப் படித்து, அதன் பிரதியையும் சேர்த்துச் சேமித்துக்கொள்வது நல்லது.

பிறர் எடுத்த புகைப்படத்திலிருந்து பூவை வெட்டித் தூரிகையாக்கினாலும், அந்தப் புகைப்படம் எடுத்தவருக்கே உரியது. தற்போதுள்ள பாத்திக் வடிவங்கள், சுவரோவியங்கள் ஆகியவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கலாம். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமானாலும் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமானாலும், ஒரு படைப்பைப் பதிவு செய்யாமலேயே அதற்குப் பதிப்புரிமை உண்டு. இது உங்களுக்கும் சாதகம். நீங்கள் பறித்த இலை, நீங்கள் எடுத்த படம், நீங்கள் செய்த தூரிகை என்றால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை இல்லை. பாட்டியின் மாவுக்கோட்டுக்கு மட்டும் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுவரொட்டியின் ஓரத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

படைப்புத் தொகுப்புக்கும் உதவும்

வடிவமைப்புத் துறைகளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது படைப்புத் தொகுப்பைக் கேட்பதுண்டு. அங்கே முடிந்த படத்தை மட்டும் வைப்பதைவிட, அது உருவான விதத்தையும் காட்டுவது பயன் தரும். இலையின் புகைப்படம், கறுப்பு வெள்ளையாக்கிய நிலை, தூரிகை, அதைக் கொண்டு வரைந்த சுவரொட்டி என நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்தால், நீங்கள் எப்படிச் சிந்திக்கிறீர்கள் என்பது தெரியும். இறக்கிப் பயன்படுத்திய தூரிகையால் அதைக் காட்ட முடியாது.

தூரிகை செய்வதே தொழிலாகவும் மாறலாம். கைல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியர், தமது ஓவியங்களுக்காகச் செய்த தூரிகைகளை மற்ற ஓவியர்களுக்கும் விற்கத் தொடங்கினார். 2017ல் அந்தத் தொகுப்பு முழுவதையும் அடோபி நிறுவனமே வாங்கிக்கொண்டது. இன்று ஃபோட்டோஷாப் பயன்படுத்துவோர் அவற்றைக் கூடுதல் கட்டணமின்றிப் பெறலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. தமிழ் மன்றத்தில் பத்துப் பேர் இருந்தால், ஆளுக்கு ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மாவிலை, ஒருவருக்குக் கறிவேப்பிலை, ஒருவருக்குச் செம்பருத்தி, ஒருவருக்கு மூன்று சிற்றிலைகள் கொண்ட ரப்பர் இலை. நம்மில் பலரின் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய மரம் அது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இலையின் பெயர், எடுத்த இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மூலப் புகைப்படத்தையும் அழித்துவிடாமல் சேர்த்துவையுங்கள். ஜிம்ப்பில் சேமித்த ஜிபிஆர், ஜிஐஎச் கோப்புகளைக் கிரிட்டாவிலும் திறக்கலாம் என்பதால், வேறு மென்பொருள் பயன்படுத்தும் நண்பருக்கும் அவை உதவும்.

பள்ளியைவிட்டுச் செல்லும்போது அந்தக் கோப்புறையை அடுத்து வரும் மாணவர்களிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டுப் பொங்கல் சுவரொட்டிக்கு அவர்கள் மேப்பிள் இலையைத் தேடிப் போக வேண்டியிருக்காது.